பழைய பாணி ஆர்.சி. பக்கிகளில் பிளாஸ்டிக் கியர் மாற்றுவது: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமியா ஹார்னட், கிராஸ்ஹாப்பர், ஃப்ராக், ஹாட்ஷாட், கியோஷோ ஆப்டிமா என எண்பதுகளில் ஜப்பானிலிருந்து வந்த ரிமோட் பக்கிகள் (கரடுமுரடான தரையில் ஓடும் மாதிரிக் கார்கள்) மறுவெளியீடாகத் திரும்பி வந்த பிறகு, நம் மாவட்டத்திலும் அங்கங்கே ஓட ஆரம்பித்திருக்கின்றன. அறுத்த வயல், ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதை, சங்குத்துறைக் கடற்கரை என்று ஓட்ட இடத்துக்குப் பஞ்சமில்லை. ஓட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் கியர்பாக்ஸைப் பற்றியவை. அவற்றை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். எல்லாமே 1/10 அளவில் வரும் மின்மோட்டார் வண்டிகளை வைத்துச் சொன்னவை.

கியர் எல்லாம் பிளாஸ்டிக்காக இருக்கிறது. வாங்கிய கையோடு மெட்டலுக்கு மாற்றிவிடலாமா?

வேண்டாம். குளச்சல், முட்டம் பக்கம் அவுட்போர்டு எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவர்களிடம் ஷியர் பின் என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். சிறிய எஞ்சின்களில் புரொப்பெல்லரையும் ஷாஃப்ட்டையும் இணைத்து நிற்கும் சின்னக் கம்பி அது. பாறையில் அடித்தால் பின் முறியும், எஞ்சின் கியர் தப்பும். பின் அடிக்கடி முறிகிறதே என்று அந்த இடத்தில் கெட்டியான ஆணியைச் செருகினால் அடுத்த அடி நேராக கியருக்குத்தான். உங்கள் பக்கியில் அந்தப் பின்னுடைய வேலையைப் பார்ப்பது, மோட்டாரின் சின்ன கியர் கடிக்கும் பெரிய கியரான பிளாஸ்டிக் ஸ்பர் கியர்.

அதை எஃகாக மாற்றினால் அடி காணாமல் போய்விடாது, அடுத்த இடத்துக்கு நகரும். டிஃபரன்ஷியலின் பெவல் பற்கள், ஷாஃப்ட்டுகள், பேரிங் உட்காரும் குழி என்று ஒவ்வொன்றாகப் போகும். ஸ்பர் போனால் ஒரு சாயங்காலத்தில் மாற்றிவிடலாம். கேஸிங்கில் பேரிங் குழி நீள்வட்டமாகிவிட்டால் கேஸிங்கையே புதிதாகத் தேட வேண்டும். 1979-ல் வந்த தமியா சாண்ட் ஸ்கார்ச்சரின் கியர்பாக்ஸ் கேஸிங் அலுமினிய வார்ப்பு. அந்த மாதிரிக் கூட்டுக்குள் எஃகு இருந்தால் அதற்கு அர்த்தம் இருக்கிறது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் எஃகுக் கியர்களை நிரப்புவதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

பினியன், ஸ்பர், பெவல்... எது எது?

மோட்டார் ஷாஃப்ட்டில் நேரடியாக மாட்டியிருக்கும் சின்ன கியர் பினியன். அது கடிக்கும் பெரிய கியர் ஸ்பர். அதற்கு அப்புறம் இடையில் ஒன்றிரண்டு கவுண்டர் கியர்கள் வரலாம். கடைசியில் டிஃபரன்ஷியல், அதற்குள் சாய்வாகப் பல் வெட்டிய பெவல் கியர்கள். பக்கி திரும்பும்போது இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது இந்தப் பெவல்கள்தான்.

மெட்டல் வேண்டாம் என்றால், காசை முதலில் எதில் போடுவது?

பால் பேரிங்கில். பலர் இதை நம்ப மாட்டார்கள். கியர் தேய்ந்தால் கியரைத்தானே மாற்ற வேண்டும் என்பார்கள். ஆனால் வண்டிக் கிட்டோடு வரும், ஷாஃப்ட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் வளையமான புஷ் தேய்ந்து தளர்ந்ததும் ஷாஃப்ட் சாய்கிறது. ஷாஃப்ட் சாய்ந்தால் பல் முழு அகலத்துக்கும் கடிக்காமல் ஓரத்தில் மட்டும் கடிக்கும். நல்ல ஸ்பர் கியர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் குற்றவாளி ஸ்பர் இல்லை, அதைத் தாங்கும் புஷ்.

தமியா வண்டிகளில் அதிகம் வருவது 1150 என்று சொல்லப்படும் அளவு: வெளிவிட்டம் 11 மி.மீ., உள்விட்டம் 5 மி.மீ., அகலம் 4 மி.மீ. உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்து எத்தனை, என்ன அளவு என்று எழுதிக்கொண்டு மொத்தமாக வாங்குங்கள். வாங்கும்போது இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேளுங்கள். தகர மூடி உள்ளது சற்று லேசாகச் சுற்றும். ஆனால் நம் ஊர் மணலுக்கு அந்த மூடி ஒரு தடையே இல்லை.

அடுத்தது?

எஃகு பினியன். மெட்டலுக்கு மாற்றியே ஆக வேண்டும் என்று நான் சொல்லும் ஒரே கியர் இது.

பினியன் ஏற்கெனவே மெட்டல்தானே, அதை ஏன் மாற்ற வேண்டும்?

பல கிட்களில் வருவது அலுமினிய பினியன். ஒரு காந்தத்தை அருகில் கொண்டு போங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம் அல்லது பித்தளை, சட்டென்று ஒட்டினால் எஃகு.

அலுமினியத்தின் மேல்பூச்சு கொஞ்ச நாளில் போய்விடும். உள்ளே இருக்கும் மென்மையான உலோகம் பொடிப்பொடியாக உதிர்ந்து ஆக்சைடாக மாறும். அலுமினியம் ஆக்சைடு உப்புத்தாளில் பூசுகிற பொருள். அது கிரீஸோடு கலந்து கறுப்புக் களிம்பாகிப் பல்லுக்குப் பல் அரைக்கிறது. கியர்பாக்ஸைத் திறந்ததும் கிரீஸ் கறுப்பாக இருந்தால் பினியனைச் சந்தேகப்படுங்கள். பினியன் பல்லைப் பக்கவாட்டில் பாருங்கள். புதிதில் பல்லின் உச்சி தட்டையாக இருக்கும். தேய்ந்தது கூம்பி, கொக்கியாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு புது ஸ்பர் போட்டால் புதியதையும் அதே உருவத்துக்குக் கொண்டு வந்துவிடும். ஸ்பர் மாற்றினால் பினியனையும் பாருங்கள். பினியன் கொக்கியாகிவிட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கடினமாக்கிய எஃகு பினியனும் அசெட்டால் பிளாஸ்டிக் ஸ்பரும் சேர்ந்த ஜோடிதான் எனக்குப் பிடித்தது. சத்தம் குறைவு, பினியன் வருடக்கணக்கில் உழைக்கும், அடி விழுந்தால் பறிபோவது விலை மலிந்த ஸ்பர்.

எத்தனை பல் என்று சொல்லி வாங்கினேன், ஆனால் பொருந்தவில்லை. ஏன்?

பல் எண்ணிக்கை மட்டும் போதாது. பல்லின் பருமனும் ஒத்துப்போக வேண்டும். ஜப்பான் வண்டிகளில் அதை மாடியூல் என்ற கணக்கில் சொல்வார்கள், அமெரிக்கப் பார்ட்டுகளில் பிட்ச். மாடியூல் பெரிதானால் பல் பெரிது. பிட்ச் பெரிதானால் பல் சிறிது. இங்கேதான் ஆட்கள் குழம்புகிறார்கள்.

கையில் இருக்கும் கியரை நீங்களே அளக்கலாம். பற்களை எண்ணுங்கள், அதோடு 2 கூட்டுங்கள். வெர்னியரில் கியரின் வெளிவிட்டத்தை அளந்து அந்த எண்ணால் வகுங்கள். வருவதுதான் மாடியூல். 18 பல் பினியன் 16 மி.மீ. இருந்தால் 0.8 மாடியூல். 12 மி.மீ. இருந்தால் 0.6. பிட்சை மாடியூலாக மாற்ற 25.4-ஐ அந்தப் பிட்சால் வகுக்க வேண்டும். 32 பிட்ச் என்பது 0.79, ஆகவே 0.8 மாடியூலோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும், பலர் கலந்து ஓட்டுகிறார்கள். 48 பிட்ச் என்பது 0.53. அது 0.6-ஓடு சேராது. கையால் சுற்றிப் பார்த்தால் சேர்வதாகத் தோன்றும். மோட்டார் சுற்றினால் சில நிமிடங்களில் ஸ்பர் மழுங்கிவிடும்.

இன்னொன்று, பினியனின் துளை. மோட்டார்களை உடல் அளவை வைத்து 540, 380 என்பார்கள், 540 பெரியது. 540 மோட்டாரின் ஷாஃப்ட் 3.17 மி.மீ. 380 மோட்டாருக்கு 2.3 மி.மீ. ஆர்டர் போடும் முன் இதையும் பாருங்கள்.

கிராஸ்ஹாப்பரில் 380-ஐ எடுத்துவிட்டு 540 போட்டால் கியர் தாங்குமா?

தாங்கும். கிராஸ்ஹாப்பரும் ஹார்னட்டும் 1984-ல் அடுத்தடுத்து வந்தவை. கியர்பாக்ஸ் ஒன்றுதான், ஹார்னட்டில் அது 540-ஐத்தான் இழுக்கிறது. பினியனை மட்டும் 540 ஷாஃப்ட்டுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். வண்டி ஓட்டம் வேறு விஷயம். இந்த இரண்டு வண்டிகளிலும் பின் ஆக்சிலோடு சேர்ந்து கியர்பாக்ஸே மேலும் கீழும் ஆடுகிறது. சக்கரம் வாங்கும் குத்து நேராக டிஃபரன்ஷியலுக்குப் போகிறது. 540 போட்ட பிறகு வரப்பில் துள்ள விட்டு ஓட்டினால் முதலில் கெடுவது ஸ்பராக இருக்காது, டிஃப் பகுதியாகத்தான் இருக்கும்.

மெஷ் (இரண்டு கியரின் பற்கள் கடிக்கும் நெருக்கம்) சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மோட்டாரை நகர்த்த முடிகிற வண்டி என்றால் பழைய காகித வித்தைதான். மெல்லிய நோட்டுத்தாளைக் கீற்றாகக் கிழித்துப் பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே சுற்றி விட்டு, மோட்டாரை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை முடுக்குங்கள். தாளை உருவினால் சரியான இடைவெளி. தாள் கிழியாமல், மடிப்பு மட்டும் விழுந்து வந்தால் நல்லது. ஸ்பரை ஒரு முழுச் சுற்று சுற்றி நான்கைந்து இடத்தில் பாருங்கள். ஒரு இடத்தில் இறுக்கமும் ஒரு இடத்தில் தளர்வும் இருந்தால் ஸ்பர் வட்டம் தப்பியிருக்கிறது. அப்படியானால் இறுக்கமான இடத்தை வைத்துத்தான் இடைவெளி விட வேண்டும்.

ஹார்னட், கிராஸ்ஹாப்பர் மாதிரி வண்டிகளில் மோட்டார் உட்காரும் துளை நிலையானது, நகர்த்த வழியில்லை. வேகத்துக்காகப் பல் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைப்பது அங்கே நடக்காது. கையேட்டில் சொன்ன பினியன் மட்டுமே. துளையை ராவிப் பெரிதாக்கி இடம் பண்ணுகிறவர்களும் உண்டு. அந்த மோட்டார் அடுத்த துள்ளலில் இடம் மாறி ஸ்பரைத் தின்றுவிடும்.

அப்புறம் பினியனை ஷாஃப்ட்டில் பிடித்து வைக்கும் கிரப் ஸ்க்ரூ. ஷாஃப்ட்டின் தட்டையான பக்கத்தில்தான் அது உட்கார வேண்டும், மரையில் ஒரு சொட்டு நீல லாக்கரும் (மரை தளராமல் பிடிக்கும் பசை) வேண்டும். இது தளர்ந்து பினியன் நழுவி, ஸ்பரில் பாதி அகலத்தை மட்டும் தின்ற வண்டிகளை அடிக்கடி பார்க்கிறேன்.

கடற்கரையில் ஓட்டினால் கியர் சீக்கிரம் போகிறது. உப்புத் தண்ணீராலா?

உப்பு துருவைக் கொண்டுவரும். ஆனால் பல்லைத் தின்பது மணல். எல்லா மணலும் ஒன்றல்ல. நம் கடற்கரையில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் என்ற கனிமத் துகள்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை இருப்பதே இவற்றுக்காகத்தான். இதில் கார்னெட்டை உப்புத்தாள் செய்யவும், தண்ணீரைப் பீய்ச்சி இரும்பை வெட்டும் இயந்திரங்களிலும் பயன்படுத்துகிறார்கள். சிர்கானும் ஏறக்குறைய அதே கடினம்.

குளச்சல் பக்கமிருந்து ஒரு பையன் ஹார்னட் ஒன்றைக் கொண்டு வந்தான். கரகரவென்று சத்தம், முன்னே போக மறுத்தது. கேஸிங்கை இரண்டாகப் பிரித்து, கிரீஸை வெள்ளைத் தட்டில் வழித்துப் போட்டு டார்ச் அடித்தோம். சாம்பல் நிறக் களிம்பில் செந்நிறக் கார்னெட் துகள்கள் மின்னின, ஓரத்தில் கறுப்புத் துகள்கள். விரலிடுக்கில் தேய்த்தால் நறநறவென்றது. ஸ்பர் பல் ஒவ்வொன்றும் பாதியாக ஒடுங்கி, நுனி நகத்தில் குத்தும் அளவுக்குக் கூர்மையாகியிருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால் பினியனும் எஃகுதான், அதன் பல்லும் மங்கிப் போயிருந்தது. மணலோடு ஓடினால் மெட்டல் கியரும் தேயும், கொஞ்சம் தாமதமாக. அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது மெட்டல் கியர் இல்லை, மணல் நுழையும் வழியை அடைப்பது.

சரி, எப்படி அடைப்பது?

மணல் நுழையும் வழிகள் மூன்று: கேஸிங்கின் இரண்டு பாதிகள் சேரும் கோடு, மோட்டார் உட்காரும் வாய், ஆக்சில் வெளியே வரும் துளை.

சேரும் கோட்டில் சிலிக்கான் கிரீஸை நூல் கனத்துக்கு இழுத்து விட்டு மூடுங்கள். குழாய் வேலைக்கு வரும் கெட்டியாகும் சிலிக்கானைப் போடாதீர்கள், அடுத்த முறை கேஸிங்கைப் பிரிக்கும்போது விளிம்பே பெயர்ந்து வரும். மோட்டாருக்கும் கேஸிங்குக்கும் இடையே தெரியும் இடைவெளியில் மெல்லிய ஃபோம் துண்டு. ஆக்சில் துளைக்கு ரப்பர் சீல் பேரிங், அதன் வெளியே ஓ-ரிங் அல்லது ஃபெல்ட் வாஷர். மோட்டாரின் காற்றுத் துளைகளை முழுக்க அடைக்க வேண்டாம், சூடாகிவிடும்.

ஓட்டி முடிந்ததும் ஹோஸ் பைப்பைத் திருப்பி அடிக்காதீர்கள். தண்ணீரின் வேகம் மணலை உள்ளேதான் தள்ளும். பெயிண்ட் பிரஷால் தட்டி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காய வையுங்கள். முட்டம் தேரி மணலிலோ ஆரல்வாய்மொழிக் காற்றுப் புழுதியிலோ ஓட்டினாலும் இதே கதைதான். செம்புழுதி இன்னும் நைசாக இருப்பதால் சீலுக்குள்ளும் நுழையும்.

நைலானா, அசெட்டாலா? எது நல்லது?

இந்த ஊருக்கு அசெட்டால். டெல்ரின் என்ற பெயரிலும் விற்பார்கள். நைலான் 66 அடி தாங்குவதில் கெட்டிக்காரன், ஆனால் ஈரத்தை உறிஞ்சும். தண்ணீரில் ஒரு நாள் போட்டால் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் ஏறும். முழுக்க ஊறினால் 8 சதவீதம் வரை போகும். ஏறும்போது உடம்பும் பருக்கும். அசெட்டால் அதே ஒரு நாளில் 0.2 சதவீதம் அளவுதான் எடுக்கும்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. ஏப்ரலில் சரியாக இருந்த மெஷ் ஜூலையில் இறுகி ஊளையிடுவதற்கு நைலான் ஸ்பர் ஒரு காரணமாக இருக்கலாம். நைலான் போட்டிருந்தால் மெஷ்ஷை ஒரு மயிரிழை தளர்வாகவே வையுங்கள்.

நைலான் கியரை வெந்நீரில் வேக வைத்தால் வலுக்கும் என்கிறார்களே?

உண்மைதான், ஆனால் நைலானுக்கு மட்டும். காய்ந்த நைலான் எளிதில் விரியும், கொஞ்சம் ஈரம் ஏறினால் நெகிழ்ந்து அடி தாங்கும். அசெட்டாலை வேக வைத்து ஒரு பயனும் இல்லை. நம் காற்றிலேயே தேவையான ஈரம் இருக்கிறது. பாக்கெட்டைப் பிரித்துக் கொஞ்ச நாள் வெளியே வைத்தாலே நைலான் தானாக எடுத்துக்கொள்ளும். அடுப்பை மிச்சப்படுத்துங்கள்.

வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது. கியருக்குப் போடலாமா?

கூடாது. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், நாளானால் காறிப்போய்ப் பிசினாகும். உருகியிருக்கும்போதோ கியர் சுற்றும் வேகத்தில் தெறித்துப் பல்லில் நிற்காது. தையல் மெஷின் எண்ணெயும் கியருக்கு ஆகாது, பேரிங்குக்கு ஒரு சொட்டு விடலாம்.

கியருக்கு வேண்டியது கிரீஸ். தமியாவின் செராமிக் கிரீஸ் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வெள்ளை லித்தியம் கிரீஸ் போதும். பல்லில் மெல்லிய படலமாகத் தெரிந்தால் சரி. கியர்பாக்ஸை நிரப்புகிற அளவுக்குப் போட்டால் மோட்டாருக்குத்தான் பாரம். எஃகும் எஃகும் கடிக்கும் இடம் இருந்தால் அங்கே மாலிப்டினம் கலந்த மாலி கிரீஸ்.

கழுவும்போது பெட்ரோல், தின்னர் பக்கம் போகாதீர்கள். கேஸிங் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்காக இருந்தால் தின்னரில் கரையும், பெட்ரோலில் வெடிப்பு விடும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும்.

கோட்டாறு, மார்த்தாண்டம் பக்கத்து லேத் பட்டறையில் கியர் செய்து வாங்க முடியுமா?

புஷ், ஸ்பேசர், மோட்டார் பிளேட் எல்லாம் லேத்தில் அழகாகச் செய்து தருவார்கள். கியர் வெட்ட லேத் மட்டும் போதாது. மில்லிங் மெஷின், வட்டத்தைப் பிரிக்கும் டிவைடிங் ஹெட், அந்த மாடியூலுக்கான கட்டர் மூன்றும் வேண்டும். பம்ப் கியர், மிக்ஸர் கியர் வெட்டுகிற பட்டறைகளில் இருப்பது பெரும்பாலும் பெரிய மாடியூல் கட்டர்கள். 0.6, 0.8 கட்டர் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள். இருந்தால், பழைய கியரை மாதிரிக்குக் கொடுத்து, டெல்ரின் ராடில் வெட்டச் சொல்லுங்கள். தேய்ந்த கியரைக் கொடுத்து அதே அளவில் என்று சொன்னால் தேய்ந்த அளவில்தான் வரும். மேலே சொன்ன கணக்கில் வெளிவிட்டத்தை எழுதிக் கொடுங்கள்.

3டி பிரிண்ட்?

வழக்கமான பிரிண்ட் பிளாஸ்டிக்கான பி.எல்.ஏ. வேண்டாம். 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தாலே கோணும், மோட்டார் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். ரெசின் பிரிண்ட் பார்க்கக் கச்சிதம், பல் மட்டும் மொறுமொறுவென்று உடையும். நைலான் தூளை லேசரில் உருக்கிச் செய்யும் வகை உண்மையிலேயே ஓட்டத் தகுந்தது, வெளியூரில் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

பிரஷ்லெஸ் மோட்டாரும் லிப்போ பேட்டரியும் போட்டேன். இப்போது வாரம் ஒரு ஸ்பர்.

கியரைக் குறை சொல்ல முடியாது. இந்த கியர்பாக்ஸ்கள் 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரிக்கும் 27 டர்ன் (சுருளில் 27 சுற்று, சுற்று குறைந்தால் வேகம் கூடும்) சில்வர் கேன் என்ற சாதாரண மோட்டாருக்கும் வடிவமைத்தவை. 2எஸ் (இரண்டு செல்) லிப்போ 7.4 வோல்ட்தான் என்றாலும் சுமையில் வோல்டேஜ் இறங்காமல் கொடுக்கும், அதனால் முதல் இழுப்பே வன்மையாக இருக்கும். 3எஸ் என்றால் 11.1, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். நவீனப் பந்தய பக்கிகளில் ஸ்லிப்பர் கிளட்ச் இருந்து அந்தக் குத்தை உள்வாங்கும். ஹார்னட்டில் அது கிடையாது.

சென்சார் உள்ள 17.5 அல்லது 21.5 டர்ன் பிரஷ்லெஸ்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.-யில் பஞ்ச் (முதல் இழுப்பின் வன்மை) அமைப்பைக் குறையுங்கள். துள்ளி இறங்கும் முன் த்ராட்டிலை விடுங்கள். காற்றில் முழு வேகத்தில் சுற்றும் சக்கரம் தரையைத் தொடும் அந்தக் கணத்தில்தான் பல் பறக்கிறது. முழு வேகத்தில் போகும்போது படீரென்று ரிவர்ஸ் இழுக்கிற பழக்கமும் அப்படித்தான். இதையெல்லாம் செய்தும் வாரம் ஒன்று போனால் மோட்டார் அந்த வண்டிக்கு ஆகாது.

டிஃபரன்ஷியல் பெவல்களை மட்டும் மெட்டலாக்கலாமா?

இங்கே என் பதில் கொஞ்சம் மாறும். உங்கள் வண்டிக்கென்றே கம்பெனி விற்கிற மெட்டல் பெவல் செட் கிடைத்தால் போடலாம். பெவல்கள் டிஃப் கூட்டுக்குள்ளேயே தாங்கப்படுகின்றன, கேஸிங் குழியில் நேராக அழுத்துவதில்லை. பல்லும் சின்னது, சுமை அதிகம். மெட்டலுக்கு அங்கே நியாயம் இருக்கிறது. போடும்போது பக்கவாட்டு ஆட்டத்தை 0.1, 0.2 மி.மீ. ஷிம் எனும் மெல்லிய வாஷர் வைத்து எடுத்துவிடுங்கள். ஆட்டம் இருந்தால் மெட்டல் பெவலும் நுனியில் மட்டும் கடித்து உடையும்.

மணலில் ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றுகிறது என்பதற்காக மாற்றுவதானால் தேவையில்லை. டிஃபுக்குள் கெட்டியான ஆன்டிவேர் கிரீஸை அடைத்தால் அது பாதி குறையும்.

மெட்டல் ஸ்பர் போட்டால் வேகம் குறையுமா?

உச்ச வேகம் அதிகம் மாறாது. எடுப்பு மந்தமாகும். எஃகு அசெட்டாலைவிட ஐந்தரை மடங்கு கனம்.

எனக்க வண்டியில சத்தம் மட்டும் வருது, ஓடுறதுக்கு ஒண்ணும் இல்ல. திறக்கணுமா?

எப்படிப்பட்ட சத்தம் என்பதைப் பொறுத்தது. வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை என்றால் மெஷ் இறுக்கம். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டிக் என்றால் எங்கோ ஒரு பல் போயிருக்கிறது, அல்லது பல்லிடுக்கில் ஒரு கல். சும்மா சுற்றும்போது அமைதி, தரையில் இழுக்கும்போது மட்டும் கர்ரென்றால் டிஃப். மோட்டாரைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். கையில் நறநறப்பு தெரிந்தால் அன்றைக்கே திறங்கள், ஓட்டிப் பார்த்துவிட்டுத் திறக்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

பிரித்து மாட்டும்போது ஸ்க்ரூ மரை கழன்றுவிடுகிறது.

பிளாஸ்டிக்கில் தானே மரை வெட்டிக்கொள்ளும் ஸ்க்ரூ அது. திரும்ப மாட்டும்போது முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். பழைய மரையில் விழும்போது டக் என்று ஒரு சின்ன இறக்கம் தெரியும். அப்புறம் வலப்பக்கம் முடுக்குங்கள். ஜப்பான் கிட் ஸ்க்ரூக்களின் தலை ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பான் தர வகை. வழக்கமான ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுதாக உட்காராமல் வழுக்கித் தலையைக் கெடுக்கும். பவர் டிரில்லைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

பழைய ஒரிஜினல் வண்டிக்கு மறுவெளியீட்டு கியர் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். ஹார்னட் 2004-லும், கிராஸ்ஹாப்பரும் ஃப்ராக்கும் 2005-லும், ஹாட்ஷாட் 2007-லும் திரும்ப வந்தன. ஆப்டிமா 2016-ல் வந்தது. ஆனால் சில வண்டிகளில் பலவீனமான இடத்தை மறுவெளியீட்டில் மாற்றியிருக்கிறார்கள். பழைய ஃப்ராக்கின் அறுகோண டிரைவ் ஷாஃப்ட் டிஃபின் வாயைத் தேய்த்துவிடும் என்பது தெரிந்த சங்கதி, புதியதில் அமைப்பே வேறு. அங்கே ஒரு பார்ட்டை மட்டும் வாங்காமல் அந்தப் பகுதியை முழு செட்டாக வாங்குங்கள். எண்பதுகளின் பிளாஸ்டிக் கியர் பெட்டியில் புதிதாகவே கிடந்திருந்தாலும் ஓட்டுவதற்குப் போட மாட்டேன், அலமாரியில் வைக்கும் வண்டிக்குப் போடலாம்.

பையனுக்கு டபிள்யூ.எல். டாய்ஸ் 144001 வாங்கினேன். அதற்கு ஆன்லைனில் முழு மெட்டல் கியர் செட் கிடைக்கிறதே?

அது பழைய பாணி வண்டி இல்லை, 1/14 அளவு, ஆனால் கேள்வி நிறைய வருவதால் சொல்கிறேன். செட்டாக வாங்கினால் பினியனையும் டிஃப் கியர்களையும் எடுத்துப் போடுங்கள், பெரிய ஸ்பரைப் பிளாஸ்டிக்கிலேயே விடுங்கள். மலிவான செட்டுகளில் துளை மையம் தப்பி வருவதுண்டு. மாட்டும் முன் ஒரு கம்பியில் கோத்துச் சுற்றி, தள்ளாடுகிறதா என்று பாருங்கள்.

எஃகு பினியன் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிட்டது. என்ன செய்ய?

கடல் காற்று அடிக்கும் ஊரில் அது வரத்தான் செய்யும். செந்நிறப் படலம் மட்டும் என்றால் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். பினியனைக் கழற்றி வைத்துச் செய்ய வேண்டும், துருப்பொடி ஸ்பரில் விழக் கூடாது. பல்லின் முகத்தில் குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அந்தக் குழியின் விளிம்பு ஸ்பரைச் சீவும். வண்டியை ஒன்றிரண்டு மாதம் எடுக்கப் போவதில்லை என்றால் பினியனில் கொஞ்சம் கூடுதலாக கிரீஸ் தடவி, மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். செருப்புக் கடையில் அட்டைப்பெட்டிக்குள் வரும் பொட்டலமே போதும், வாணலியில் லேசாகச் சூடு காட்டினால் திரும்பவும் வேலை செய்யும்.